தமிழ்க் குடும்பத்துக்காக நின்ற ஊர் யாருக்கு ஓட்டுப் போட்டது?

2025 மே 3. ஆஸ்திரேலியக் குடிமகனாக நான் போட்ட முதல் ஓட்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, வாசலில் விற்ற சாசேஜை வாங்கித் தின்று, பச்சைத் தாளில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் 1, 2, 3 என்று எண் போட்டுவிட்டு வந்தேன். இங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். காரணமில்லாமல் போடாமல் விட்டால் 20 டாலர் அபராதம். ஊரில் அப்பாவிடம் சொன்னபோது, "ஓட்டுக்கு நாம காசு குடுக்கணுமா?" என்று சிரித்தார்.

அன்று இரவு எங்கள் பிரிஸ்பேன் தமிழ் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். லேபர் கட்சி அலை அடித்தது. கடைசிக் கணக்கில் 150 தொகுதிகளில் 94. எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன், பிரிஸ்பேன் புறநகரில் உள்ள தன் சொந்தத் தொகுதியான டிக்சனிலேயே தோற்றுப்போனார். நடுவில் ஒரு நண்பன் குயின்ஸ்லாந்து வரைபடத்தைப் போட்டு எழுதினான்: "பாரு மச்சான், ஃப்ளின் மறுபடியும் எல்.என்.பி.தான். இந்தப் பட்டிக்காட்டு ஆளுங்க திருந்தவே மாட்டாங்க. எல்லாம் ரேசிஸ்ட் கூட்டம்."

பதில் எழுத ஆரம்பித்தேன். நீளமாகிக்கொண்டே போனது. அழித்துவிட்டேன். அன்று எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஃப்ளின் தொகுதியில்தான் பிலோவீலா இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு வெறும் 'பிலோ'. இந்தப் பெயரைக் கேள்விப்படாத ஆஸ்திரேலியத் தமிழர் குறைவு. நம் குடும்பம் ஒன்றுக்காக நான்கு வருடம் அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்ற ஊர் அது.

ஊரும் தொகுதியும்

பிரிஸ்பேனிலிருந்து வடமேற்கே சுமார் 600 கிலோமீட்டர். கடலோர கிளாட்ஸ்டோன் நகரிலிருந்து உள்ளே திரும்பி ஒன்றரை மணி நேரம் காரில் போகவேண்டும். மக்கள்தொகை ஆறாயிரத்துக்கும் குறைவு. ஊர் இருக்கும் நிர்வாகப் பகுதிக்குப் பெயர் பனானா. வாழைப்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் காலத்தில் மாட்டுப்பண்ணையில் இருந்த மஞ்சள் நிறக் காளை ஒன்றின் பெயராம். காளை பெயரில் ஊர் இருக்கிறது என்றவுடனேயே எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

பிழைப்பு என்னவென்றால் மாடு, தானியம், காலைட் நிலக்கரிச் சுரங்கம், அதை எரிக்கும் காலைட் மின்நிலையம், ஓர் இறைச்சித் தொழிற்சாலை. 2021 மே மாதம் அந்த மின்நிலையத்தின் ஒரு யூனிட் வெடித்தபோது குயின்ஸ்லாந்தில் லட்சக்கணக்கான வீடுகளில் விளக்கு அணைந்தது. பிரிஸ்பேனில் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லாம், கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தோம்.

ஃப்ளின் தொகுதியின் பரப்பளவு ஏறக்குறைய தமிழ்நாட்டின் பரப்பளவு. அதற்கு ஒரே ஒரு எம்.பி. தொகுதி உருவாகி முதல் தேர்தல் நடந்த 2007-ல் லேபர் வெறும் 253 ஓட்டில் ஜெயித்தது. அதற்குப் பிறகு எல்லாத் தேர்தலிலும் எல்.என்.பி.தான். லிபரல், நேஷனல் கட்சிகள் 2008-ல் குயின்ஸ்லாந்தில் ஒன்றாகி உருவான கட்சி அது. விருப்பு வாக்குகளையும் சேர்த்த இறுதிக் கணக்கில் 2016-ல் அவர்களுக்கு 51 சதவீதம், 2019-ல் கிட்டத்தட்ட 59, 2022-ல் கிட்டத்தட்ட 54. கிளாட்ஸ்டோன் பக்கம் அலுமினா ஆலைகள், தொழிற்சங்கங்கள் இருப்பதால் லேபருக்கு ஓட்டு உண்டு. உள்ளே போகப்போக, சுரங்கமும் மாட்டுப்பண்ணையும் வரவர, எல்.என்.பி.க்கும் பாலின் ஹான்சனின் ஒன் நேஷனுக்கும் செல்வாக்கு கூடும். ஆசியர்கள் வந்து நாட்டை மூழ்கடித்துவிடுவார்கள் என்று 1996-ல் நாடாளுமன்றத்தில் பேசிய அதே ஹான்சன்தான்.

இதை மட்டும் பார்த்தால் என் நண்பன் சொன்னது சரி என்றே தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது.

அந்த நான்கு வருடம்

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012-லும் 2013-லும் தனித்தனியாகப் படகில் வந்த இரண்டு ஈழத் தமிழர்கள். ஆஸ்திரேலியாவில் சந்தித்துத் திருமணம் செய்துகொண்டு பிலோவீலாவில் குடியேறினார்கள். கணவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை. 2018 மார்ச் 5 விடியற்காலையில் அதிகாரிகள் வந்து குடும்பத்தையே அழைத்துக்கொண்டு போனார்கள். தாயின் தற்காலிக விசா முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. அப்போது உள்துறை அமைச்சர் டட்டன்.

மெல்போர்னில் தடுப்பு முகாம். 2019 ஆகஸ்ட்டில் இலங்கைக்குக் கிளம்பிய விமானம், நீதிமன்றத் தடையால் டார்வினில் இறங்கியது. பிறகு கிறிஸ்துமஸ் தீவு. 2021 ஜூனில் சின்னக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவி பெர்த் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2022 மே 21 தேர்தலில் ஆட்சி மாறியது. ஆறே நாளில் தற்காலிக விசா கிடைத்தது. ஜூன் 10-ம் தேதி குடும்பம் பிலோவீலாவில் வந்து இறங்கியது. அதற்கு இரண்டு நாள் கழித்து சின்னவளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். முகாமுக்கு வெளியே அந்தக் குழந்தை கொண்டாடிய முதல் பிறந்தநாள் அது. ஆகஸ்ட்டில் நிரந்தர விசாவும் வந்தது.

இந்த நான்கு வருடமும் ஊர்க்காரர்கள் விடவில்லை. கையெழுத்து வாங்கினார்கள், கான்பெராவுக்குப் போனார்கள், டிவியில் பேசினார்கள். கட்சி எல்லையும் கொஞ்சம் உடைந்தது. ஆலன் ஜோன்ஸ் மாதிரி வலதுசாரி வானொலிக்காரர் குடும்பத்துக்காகப் பேசினார். நேஷனல் கட்சியின் பார்னபி ஜாய்ஸ், இந்தக் குழந்தைகளுக்கு வெள்ளைக்காரப் பெயர் இருந்திருந்தால் நாம் இப்படி அனுப்ப நினைப்போமா என்ற பொருளில் கேட்டார்.

இதில் யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. குடும்பம் முகாமில் இருந்தபோதே வந்த 2019 தேர்தலில், அவர்களை அடைத்து வைத்த அரசாங்கத்தின் கட்சிக்கு ஃப்ளினில் ஓட்டு கூடியது. 2022-ல் லேபருக்கு ஐந்து புள்ளி அளவுக்கு ஏறியது உண்மை. ஆனால் அன்று நாடு முழுக்கவே காற்று அந்தப் பக்கம். போதாததற்கு லேபர் நிறுத்தியது கிளாட்ஸ்டோன் மேயரை. அப்படியும் ஜெயித்தது எல்.என்.பி.தான். குடும்பம் வந்து இறங்கி எட்டே நாளில், ஜூன் 18 அன்று, பிலோவீலா அடங்கிய காலைட் மாநிலத் தொகுதியில் இடைத்தேர்தல். மறுபடியும் எல்.என்.பி. எளிதாக வென்றது.

ஊர் திரண்டு வரவேற்றது. ஊர் அதே கட்சிக்கே ஓட்டும் போட்டது. எப்படி?

மோட்டல்காரம்மா சொன்னது

2023-ல் வேலை விஷயமாக ஆறு வாரம் அங்கே தங்கவேண்டி வந்தது. ஒரு நிறுவனத்தில் புது மென்பொருள் ஏற்றும் வேலை. முதல் நாள் சாயங்காலம் பப்புக்குள் நுழைந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 'ஆரம்பிச்சிருச்சு' என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தது நடக்கவில்லை. புது ஆள் யார் வந்தாலும் திரும்பிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர் டீக்கடையிலும் அதே பார்வைதான்.

நான் தங்கிய மோட்டலை நடத்தியது எழுபதைத் தொடும் ஒரு அம்மா. இங்கே வழக்கப்படி பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன், மனசுக்குள் 'அம்மா'தான். வாழ்நாள் முழுக்க நேஷனலுக்கே ஓட்டு. அவருடைய அப்பாவும் அப்படியே. தமிழன் என்று தெரிந்ததும் கண் மலர்ந்தது. அந்தக் குடும்பத்துக்காகத் தானும் தெருவில் நின்றதை, எம்.பி.க்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதியதை, ஒரு கதை மாதிரி சொன்னார்.

ஒரு வாரம் கழித்து தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அப்புறம் ஏன் அவங்களுக்கே ஓட்டுப் போட்டீங்க?"

கோபம் வரவில்லை அவருக்கு. தேநீரைக் கலக்கிக்கொண்டே சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நான் சண்டை போட்டது கட்சியோட இல்ல. விடியக்காலையில எங்க ஊருக்குள்ள வந்து, எங்க ஆளுங்களைத் தூக்கிட்டுப் போக கான்பெராவுக்கு என்ன உரிமைன்னுதான் கேட்டேன். மின்நிலையத்தை எப்ப மூடணும்னு சொல்றதும் அதே கான்பெராவும் பிரிஸ்பேனும்தான். ரெண்டுமே எனக்குப் பிடிக்கல. அந்த மனுஷன் காலையில எந்திரிச்சு வேலைக்குப் போனான். குழந்தைங்க இங்கே வளர்ந்துச்சு. அவங்க எங்க ஊர்க்காரங்க. அதுக்கு மேல என்ன வேணும்?"

எனக்குப் புதிராக இருந்த இரண்டும் அவருக்கு ஒன்றுதான். ஊர் விஷயத்தில் வெளியிலிருந்து வந்து கை வைக்காதே. அந்தக் குணம்தான் அவரை நேஷனலுக்கு ஓட்டுப் போட வைக்கிறது. அதே குணம்தான் பதாகையோடு தெருவில் நிற்கவும் வைத்தது.

2019 தேர்தலுக்கு முன், நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்து டாஸ்மேனியாவிலிருந்து பாப் பிரவுன் தலைமையில் ஒரு கார் ஊர்வலம் மத்திய குயின்ஸ்லாந்துக்கு வந்தது. பருவநிலை பற்றி அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அந்த அம்மா இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்: "எங்க பிழைப்பை மூடச் சொல்றதுக்கு இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டுட்டு வந்தாங்க." ஃப்ளினில் அந்த வருடம் எல்.என்.பி.க்கு ஓட்டு கூடியதற்கு அரசியல் விமர்சகர்கள் நிறையக் காரணம் எழுதினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.

பிறகு அவர் கேட்டது

தேநீர் முடிந்தது. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். "பிரிஸ்பேன்ல உங்க ஆளுங்க நிறைய பேரு இருக்கீங்களே. அப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

நான் ஒன்றும் பண்ணவில்லை.

அதுதான் உண்மை. 2018-ல் நான் வேலை விசாவில் இருந்தேன். நிரந்தரக் குடியுரிமைக்கு மனு போட்டுவிட்டு, தினமும் மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். ரயில் நிலைய வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இந்தக் குடும்பத்துக்காகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நம்பிக்கையோடு பேனாவை நீட்டினார். "டைம் இல்ல, சாரி" என்று சொல்லிவிட்டு நடந்தேன். கையெழுத்துப் போட்டால் என் ஃபைலில் ஏதாவது குறிப்பு எழுதிவிடுவார்களோ என்று பயம். அப்படியெல்லாம் நடக்காது என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கும் ஓரளவு தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் குழுவில் அப்போது ஓடிய பேச்சு இன்னும் மோசம். "நாம ஐ.இ.எல்.டி.எஸ். எழுதி, பாயின்ட் சேர்த்து, வருஷக்கணக்கா வரிசையில நிக்கிறோம். அவங்க போட்ல வந்து இறங்கினா சும்மா விட்டுடணுமா?" டட்டன் பேசியதும் இதே வாதம்தான். நாங்கள் தமிழில் பேசினோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் காலத்தில் மளிகைக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் இதே வரிசைக் கதையைச் சொன்னேன். கறிவேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டே, "தம்பி, நீங்கள் பிளேன்ல வந்தனீங்கள். வரிசை இருக்கிற இடத்தில இருந்து வந்தனீங்கள்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

எல்லாத் தமிழர்களும் என்னை மாதிரி இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தமிழ் அகதிகள் பேரவைக்காரர்கள் முதல் நாளிலிருந்து நின்றார்கள். ஈழத் தமிழர் பலர் தங்கள் விசாவே ஊசலாடும்போதும் தெருவுக்கு வந்தார்கள். நான் சொல்வது என்னைப் பற்றி, என்னை மாதிரி லேப்டாப் பையோடு வந்து இறங்கியவர்களைப் பற்றி. நாங்கள் பிலோவீலாவை 'ரேசிஸ்ட் ஊர்' என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில், அந்த ஊர்க்காரர்கள் நம் குடும்பத்துக்காக மழையில் நின்றார்கள்.

ஊர் இல்லாதவர்கள்

இதைப் படித்துவிட்டு, கிராமத்து மனிதர்கள் எல்லாம் தங்கம், ஓட்டு யாருக்குப் போட்டால் என்ன என்று யாராவது முடிவுக்கு வந்தால் அதுவும் தப்பு. அந்த அம்மாவிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. "உங்க ஊருக்கு வராத படகுக்காரங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களை எனக்குத் தெரியாதே" என்றார்.

அங்கேதான் சிக்கல். தெரிந்த முகத்துக்காக உயிரைக் கொடுப்பார்கள். தெரியாத முகங்களுக்கு என்ன நடக்கும் என்பதை ஓட்டுச்சீட்டு தீர்மானிக்கிறது. 2013-ல் படகில் வந்த தமிழர்களில் பலர் இன்னமும் தற்காலிக விசாவிலேயே காலத்தை ஓட்டுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருப்பது நகரங்களில். 2024-ல் மெல்போர்னில் இரவும் பகலும் உட்கார்ந்து போராடினார்கள். அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்ட 23 வயது ஈழத் தமிழ் இளைஞர் ஒருவர் அந்த ஆகஸ்ட்டில் இறந்துபோனார். பன்னிரண்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். பாதி வாழ்க்கை விசாவுக்காகக் காத்திருப்பதிலேயே போய்விட்டது. அப்போது கான்பெராவில் ஆட்சியில் இருந்தது லேபர்.

படகில் வருகிறவர்களில் ஒருவரைக்கூட ஆஸ்திரேலியாவில் குடியமர்த்த மாட்டோம் என்று 2013 ஜூலையில் அறிவித்ததும் லேபர் பிரதமர் கெவின் ரட்தான். ஆக, வரைபடத்தில் சிவப்பு என்றால் நல்லவர்கள், நீலம் என்றால் கெட்டவர்கள் என்ற எங்கள் வாட்ஸ்அப் கணக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒத்துவரவில்லை.

நானும் 2025-ல் லேபருக்குத்தான் முதல் எண் போட்டேன். இனியும் போடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பியது ஆட்சி மாற்றம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் ஆட்சி மாறும்வரை நான்கு வருடம் அந்தப் பெயர்களை நாடு மறக்காமல் பார்த்துக்கொண்டது, ஆட்சி மாறவேண்டும் என்று ஓட்டுப் போடாதவர்களும் சேர்ந்துதான். ஓட்டு ஐந்து நிமிட வேலை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அதைச் சரியாகப் போட்டுவிட்டால் மீதி நாளெல்லாம் நான் நல்லவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

இதெல்லாம் எனக்குப் புதிதாக இருந்திருக்கக் கூடாது. திண்டுக்கல் பக்கம் எங்கள் சிற்றூரில், அப்பா ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போடுவார். எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளருக்கு நெஞ்சுவலி வந்தபோது, நடு ராத்திரியில் காரைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். அடுத்த தேர்தலில் இருவரும் ஆளுக்கொரு கொடியோடு எதிரெதிரே நின்றார்கள். ஊரைவிட்டு வந்து பத்து வருடத்தில், ஒரு ஊரை அதன் ஓட்டை மட்டும் வைத்து எடைபோடப் பழகிவிட்டேன்.

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒரு ஊருக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகும் முன் அது யாருக்கு ஓட்டுப் போட்டது என்று கூகுளில் தேடிப் பார்க்கிறீர்கள். தேடுங்கள், தப்பில்லை. அந்த ஊரில் பாதுகாப்பாக இருக்க முடியுமா என்று நினைப்பது நம் நிலைமை. ஆனால் தேடி முடித்த பிறகு ஒரு தேநீரும் குடித்துப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அன்று நான் கடைசியில் அனுப்பியது ஒரே ஒரு வரி: "மச்சான், 2018-ல அந்த பெட்டிஷன்ல நீ கையெழுத்துப் போட்டியா? நான் போடல."

இரண்டு நீல டிக் விழுந்தது. நெடுநேரம் யாரும் ஒன்றும் எழுதவில்லை. காலையில் பார்த்தால் அதே நண்பனிடமிருந்து தனியாக ஒரு செய்தி. "நானும் போடலடா. மெல்போர்ன்ல இன்னும் காத்திட்டிருக்காங்கள்ல, அவங்களுக்கு ஏதாவது ஓடுதா? லிங்க் இருந்தா அனுப்பு."

அனுப்பினேன்.